செடித்தொட்டியாகக் கிடந்த பாத்திரத் தொட்டி: மூன்று பழைய வாஷிங் மெஷின்களுக்கு மதிப்புப் போட்ட அனுபவம்

மூன்று மெஷின்கள். ஒன்று மரத்தொட்டி வைத்தது, ஒன்று சதுர அலுமினியத் தொட்டி வைத்தது, மூன்றாவது வெள்ளை எனாமல் பூசிய ஒரு பெட்டி. மூன்றும் ஒரே கொட்டகையில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இருபது வருடத்துக்கு மேல் கிடந்தவை. சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய மாமனார் வீட்டு மெஷின்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருந்தவர். அவர் காலத்துக்குப் பிறகு யாரும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மரத்தொட்டி 1910-ல் செய்தது, மின்சார வாஷிங் மெஷின் என்று ஒன்று வந்தபோதே வந்தது, அதற்கு நல்ல விலை தருகிறேன், அலுமினியத்துக்கு அதில் பாதி, வெள்ளைப் பெட்டியை வேண்டுமானால் இடம் காலியாகட்டும் என்று சும்மா தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "சரின்னு சொல்லவும் மனசு வரலை தம்பி, வேண்டாம்னு சொல்லவும் காரணம் தெரியலை, நீங்க ஒருதடவை வந்து பாருங்க" என்றார் அக்கா. இரண்டு முறை போனேன். முதல் முறை நானும் ஒரு பெரிய தப்பு செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான்: வயது வேறு, அபூர்வம் வேறு, மதிப்பு வேறு. மூன்றையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் இந்தத் துறையில் இத்தனை நல்ல பொருட்கள் எடைக்குப் போகின்றன. ஒரு மெஷின் பிறந்தபோது அதோடு என்னென்ன இருந்ததோ அவையெல்லாம் இன்னும் அதனோடு இருக்கின்றனவா என்ற கேள்விதான், என் அனுபவத்தில், விலையைத் தீர்மானிக்கிறது.

முதலில் செய்யக்கூடாதது

எந்த மெஷினையும் பிளக்கில் செருகவில்லை. "ஓடுதா பாத்துடலாமே" என்று அக்காவின் மகன் ஒயரை எடுத்துக்கொண்டு வந்தான், தடுத்துவிட்டேன். பழைய மெஷின்களின் ஒயரில் ரப்பரும் பருத்தி நூலும்தான் இன்சுலேஷன், பல பத்தாண்டுகளில் அந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும், ஒயரை வளைத்தாலே உதிரும். நிறைய மெஷின்களில் எர்த் இணைப்பே கிடையாது, இரண்டு கால் பிளக்தான், உள்ளே ஒரு ஒயர் உலோக உடம்பைத் தொட்டால் முழு மெஷினும் மின்சாரத்தில் நிற்கும், அதுவும் ஈரத் தரையில் ஈரக் கையோடு தொடுகிற மெஷின். 1979-க்கு முந்தைய மோட்டார் கெப்பாசிட்டர்களில் பிசிபி என்கிற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்பு உண்டு, அந்த வருடம்தான் அமெரிக்காவில் அதைத் தயாரிக்கத் தடை வந்தது, அதனால் வீங்கியிருக்கிற, ஒழுகுகிற கெப்பாசிட்டரை வெறுங்கையால் தொடக்கூடாது.

அப்புறம் வோல்ட் விஷயம். இந்த மூன்றுமே அமெரிக்காவில் பிறந்தவை, மின்சாரமாக ஓடுவதென்றால் 110 வோல்ட் சுமாருக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும்தான். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற எண். நம்மூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதில் நேராகச் செருகினால் சில நொடியில் மோட்டார் புகையும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், பாதிதான் சரி. டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், அதே 110 வோல்ட் கொடுத்தால் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும். டைமரும் அதே ஹெர்ட்ஸை நம்பி ஓடுவதுதான், 10 நிமிடச் சுற்று 12 நிமிடமாக இழுக்கும். ஓட்டிக் காட்ட முடிந்தால் விலை ஏறும் என்பது உண்மை. ஆனால் ஓட்டிப் பார்க்கப் போய் எரிந்துபோன ஒரிஜினல் மோட்டார் விலையை எவ்வளவு இறக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மரத்தொட்டி: தகட்டில் இருந்த 1910

வியாபாரி சொன்ன 1910 எங்கிருந்து வந்தது என்பது தகட்டைத் துடைத்தவுடன் தெரிந்துவிட்டது. பித்தளைத் தகட்டில் காப்புரிமை பெற்ற தேதியாக அந்த வருடம் பொறித்திருந்தது. காப்புரிமைத் தேதி தயாரிப்புத் தேதி அல்ல. கம்பெனிகள் ஒரே தகட்டைப் பல வருடம் அடித்தன. அந்தத் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மெஷின் அதற்கு முன்னால் செய்யப்படவில்லை. அதற்குப் பின்னால் எப்போது என்பதைத் தகடு சொல்லாது, மரத்தொட்டி மெஷின்கள் 1920-களிலும் விற்பனையில் இருந்தன.

"முதல் மின்சார மெஷின்" என்ற பேச்சையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் பழைய மெஷின் விற்கிற இடங்களிலெல்லாம் இது காதில் விழும். ஆல்வா ஃபிஷர் என்பவர் பெயரில் 1910 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று வந்தது, சிகாகோவின் ஹர்லி கம்பெனி தோர் என்ற பெயரில் மின்சார மெஷின் விற்றது, அதனால் ஃபிஷர்தான் கண்டுபிடித்தவர் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். ஆனால் 1904-லேயே அமெரிக்கச் செய்தித்தாள்களில் மின்சார வாஷிங் மெஷின் விளம்பரம் வந்துவிட்டது. முதலாவது எது என்று கை காட்ட முடியாத ஒன்றுக்கு "முதலாவது" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அதற்கு நான் ஒரு காசு மதிப்புக்கூடப் போடமாட்டேன்.

சரி, மெஷினுக்கு வருவோம். கீழே படுத்துப் பார்த்தேன். மோட்டாரின் முதுகில் ஒரு உருளை, அதுதான் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் வைத்துக் கிளம்பும் மோட்டார்கள் பரவலானதே 1930-களில்தான். மோட்டாரைத் தாங்கும் இரும்புப் பட்டையில் நான்கு ஸ்க்ரூ, நான்கிலும் தலையில் கூட்டல் குறி. அந்த பிலிப்ஸ் தலை ஸ்க்ரூவுக்குக் காப்புரிமை வந்ததே 1936-ல். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை, இந்த மோட்டார் பிறகு வந்து சேர்ந்தது. மூடியின் மேலே பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் வழுவழுப்பாகத் தேய்ந்த ஒரு பிடி இருந்தது, பல வருடம் பல கைகள் பிடித்துத் தள்ளிய தேய்மானம். ஆக இது கையால் ஆட்டுகிற மெஷினாகப் பிறந்து, வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகு மோட்டார் கட்டப்பட்ட ஒன்று.

இது மட்டமான பொருளா? இல்லவே இல்லை. கையால் ஆட்டும் மர மெஷின் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றால் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், கூடத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். மரம் பார்க்க அழகு. ஆனால் பலகைகள் உலர்ந்து சுருங்கி இடைவெளி விட்டிருந்தன, கீழ் இரும்பு வளையம் ஒன்று கழன்று தொங்கியது, ஒரு காலில் பூச்சி அரித்த பொடி. இப்படி உலர்ந்த தொட்டியில் உடனே தண்ணீரை நிரப்பிவிடாதீர்கள். ஈரத்துணி சுற்றி நாள்கணக்கில் மெல்ல ஊறவைத்தால் பலகை உப்பி இடைவெளி தானாக அடையும், அவசரப்பட்டால் வளையத்தை மீறி வெடிக்கும். இடைவெளியைப் பசை போட்டு அடைப்பவர்களும் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிறகு ஊறும்போது மரம் நகர இடமில்லாமல் பலகையே பிளந்துவிடும்.

அலுமினியத் தொட்டி: எஞ்சின் எங்கே போனது

இரண்டாவது மெஷினைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். சாம்பல் நிற வார்ப்பு அலுமினியத்தில் சதுரத் தொட்டி, நான்கு கால், மேலே பிழியும் உருளைகள். மேடாக். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரில் விவசாயக் கருவி செய்து வந்த கம்பெனி அது, 1907-ல் கையால் சுற்றும் மெஷினில் ஆரம்பித்து, 1922-ல் தொட்டியின் அடியிலிருந்து சுழலும் விசிறியை வைத்து மற்றவர்களை முந்தியது. சதுர அலுமினியத் தொட்டி வைத்த இ மாடல் 1939-ல் வந்து 1983 வரை தயாரிப்பில் இருந்தது. கவனியுங்கள், 1983. முழு ஆட்டோமேட்டிக் மெஷின் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட பிறகும் உருளை மெஷின் செய்துகொண்டிருந்தார்கள். இதனால்தான் பார்க்க எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் இந்த மெஷின் அபூர்வம் கிடையாது. நிறையச் செய்தார்கள், அலுமினியம் துருப்பிடிக்காது, கியர் பெட்டி சாகாது, அதனால் நிறைய பிழைத்திருக்கின்றன.

அப்படியானால் இதில் மதிப்பு எங்கே? கீழே. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அந்த மற்ற ஒன்பது வீடுகளுக்காக மேடாக் கம்பெனி தன் மெஷின்களுக்குக் கீழே சின்ன பெட்ரோல் எஞ்சின் வைத்து விற்றது. காலால் மிதித்துக் கிளப்ப வேண்டும், புகை வெளியேற நீளமான உலோகக் குழாய் ஒன்றை ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். 1937-ல் வந்த 72 என்ற இரட்டை சிலிண்டர் எஞ்சின் இதில் பிரபலம். மின்சாரம் வந்ததும் எஞ்சினைக் கழற்றி அதே இடத்தில் மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம், வடிவமைப்பே அப்படி. கழற்றிய எஞ்சின் சும்மா இருக்குமா? தண்ணீர் பம்புக்கு, புல் வெட்டும் மெஷினுக்கு, பையன்கள் செய்யும் ஓட்டு வண்டிக்கு என்று போய்விட்டது. இன்று சின்ன எஞ்சின் சேகரிப்பவர்கள் என்று ஒரு தனிக்கூட்டம் இருக்கிறது, அவர்கள் எஞ்சினை மட்டும் தேடி வாங்குகிறார்கள். ஆகக்கூடி எஞ்சின் தனியாக நிறையக் கிடைக்கிறது, மெஷின் தனியாக நிறையக் கிடைக்கிறது, பிறந்தபடி இரண்டும் சேர்ந்திருப்பதுதான் குறைவு. தனித்தனி விலையைக் கூட்டிப் போட்டாலும் சேர்ந்திருக்கிற மெஷினின் விலைக்கு வராது என்பது என் கணிப்பு.

அக்கா வீட்டு மெஷினில் மின் மோட்டார் இருந்தது. ஆனால் அடித்தாங்கியில் மோட்டாருக்குத் தேவைப்படாத துளைகள், பின் காலில் ஏதோ கிளிப் அழுத்தியிருந்த வட்டத் தழும்பு, அதற்கு மேலே பெயிண்ட் சூட்டில் பழுத்த நிறம். எஞ்சின் இருந்திருக்கிறது. மாமனாரின் வேலை நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது, பெட்டி நிறைய. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து புரட்டியதில் அந்த வரி கிடைத்தது: எஞ்சினைக் கழற்றியது, மோட்டார் போட்டது, எஞ்சினைப் பக்கத்துப் பண்ணைக்குப் பம்புக்காகக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தைக் கேட்டோம். பம்பும் எஞ்சினும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

எஞ்சின் போனது போனதுதான். ஆனாலும் அந்த நோட்டு வரிக்கு மதிப்பு உண்டு என்று அக்காவிடம் சொன்னேன். யார் எப்போது எதை மாற்றினார் என்று கையெழுத்தில் இருக்கும் மெஷினையும், எதுவும் தெரியாமல் கொட்டகையிலிருந்து வந்த மெஷினையும் சேகரிப்பாளர் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மெஷினோடு வைத்தோம். நோட்டைக் கிழிக்கவில்லை.

இந்த மெஷினில் நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. முதல் நாள் தொட்டியைத் தட்டிப் பார்த்து, உள்ளே தடவிப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை போனபோது இருட்டிய பிறகு தொட்டிக்குள் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பார்த்தேன், தண்ணீர் வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் மூன்று வெளிச்சப் புள்ளிகள். அலுமினியத்தைத் துரு தின்னாது, காரம் தின்னும். சோடா உப்புக் கலந்த தண்ணீர் வருடக்கணக்கில் தேங்கினால் வெள்ளைப் பொடி பூத்துப் பள்ளம் விழும், ஒருநாள் ஓட்டையாகும். அலுமினிய வார்ப்பைப் பற்றவைப்பது எல்லாராலும் ஆகாது. என் மதிப்பை அன்றைக்கே குறைத்தேன், முதலில் சொன்னது தவறு என்று அக்காவிடமும் சொன்னேன்.

பிழியும் உருளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இறுக்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், இங்கும் அப்படித்தான். அதற்குப் பெரிதாகக் கழிக்கவில்லை, ரப்பர் உருளை மாற்றக்கூடிய பொருள். ஆபத்து வந்தால் உருளைகளை உடனே விலக்கும் விடுவிப்புப் பட்டை வேலை செய்கிறதா என்பதை மட்டும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். இந்த உருளைகளில் கை மாட்டி முழங்கை வரை போன குழந்தைகள் அந்தக் காலத்தில் ஏராளம். காட்சிக்கு வைக்கிறவர்கள்கூட அதைச் சரி செய்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வெள்ளைப் பெட்டி

இப்போது என் பெரிய தப்பு. முதல் நாள் வெள்ளைப் பெட்டியைப் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மேலிருந்து துணி போடும் மெஷின், எனாமலில் இரண்டு மூன்று இடத்தில் சில்லு போயிருக்கிறது, உள்ளே சுண்டெலிக் கூடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். பெயர்த்தகடு அழுக்கில் மறைந்திருந்தது, துடைக்கக்கூட இல்லை. ஏன் அப்படி என்று யோசித்தால், மரமும் வார்ப்பு அலுமினியமும் கண்ணை இழுக்கின்றன, வெள்ளைப் பெட்டி இன்றைய மெஷின் மாதிரியே தெரிகிறது. வியாபாரியும் அதே காரணத்தால்தான் ஒதுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே பார்த்தேன். செடி ஒன்று வைத்திருந்த வட்டமான தொட்டி. பூந்தொட்டிக்கு அப்படி விளிம்பு இருக்காது, ஏதோ ஒன்றின் மேல் உட்காருவதற்காகத் திருப்பிவிட்ட விளிம்பு. அதற்குப் பக்கத்தில் கம்பி வலைத் தட்டு ஒன்று, தட்டுகளை நிறுத்தி வைக்கிற முளைகளோடு, அதன் மேலும் சின்னச் சின்ன தொட்டிகள். இது எங்கிருந்து வந்தது அக்கா என்றேன். "அந்த வெள்ளை மெஷின் பக்கத்துல ஒரு அட்டைப் பெட்டியில இருந்துச்சு, சும்மாதானே கிடக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

திரும்பக் கொட்டகைக்கு ஓடினேன். தகட்டைத் துடைத்தேன். தோர். ஆட்டோமேஜிக்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1940-களின் பிற்பகுதியில், போர் முடிந்து எல்லாரும் புது மெஷினுக்காகக் காத்திருந்த நேரத்தில், தோர் கம்பெனி ஒரே மெஷினில் துணியும் பாத்திரமும் கழுவலாம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. துணித் தொட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பாத்திரத் தொட்டியை இறக்கினால் அது டிஷ்வாஷர். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு தடவையும் தொட்டியை மாற்ற வேண்டும், மாற்றிய தொட்டியை எங்காவது வைக்க வேண்டும், அதற்கும் மேலே அழுக்குத் துணி துவைத்த மெஷினில் சாப்பிடும் தட்டைப் போட ஆட்களுக்கு மனம் ஒப்பவில்லை. யோசனை நிலைக்கவில்லை. வாங்கியவர்களும் ஏதாவது ஒரு வேலைக்குத்தான் அதை வைத்துக்கொண்டார்கள், பயன்படாத இன்னொரு தொட்டி பரணுக்கோ குப்பைக்கோ போனது. ஆகவே மெஷின் பிழைத்த இடத்தில்கூட இரண்டாவது தொகுதி பிழைப்பது கஷ்டம்.

அந்த இரண்டாவது தொகுதி அக்கா வீட்டு வாசலில் செடிக்குத் தொட்டியாக இருந்தது.

மண்ணைக் கொட்டி, கழுவி, கொண்டுபோய் மெஷினில் இறக்கினோம். விளிம்பு சரியாக உட்கார்ந்தது. கம்பித் தட்டு தொட்டிக்குள் போனது. அட்டைப் பெட்டி இன்னும் கொட்டகை மூலையில் இருந்தது, அதன் அடியில் மடித்த நிலையில் உபயோகக் கையேடு, எலி ஒரு ஓரத்தைக் கடித்திருந்தாலும் எல்லாப் பக்கமும் உண்டு. அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அக்காவின் மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டான்.

ஆனால் சந்தோஷத்தில் மதிப்புப் போடக்கூடாது, அதனால் திரும்ப முதலிலிருந்து சரிபார்த்தேன். தகட்டில் காப்புரிமை எண்கள் வரிசையாக இருந்தன, பெரும்பாலும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவை. இது மிகவும் உபயோகமான கணக்கு, மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கக் காப்புரிமையில் 10 லட்சமாவது எண் 1911-ல் வந்தது, 20 லட்சமாவது 1935-ல், 30 லட்சமாவது 1961-ல். தகட்டில் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பாருங்கள், மெஷின் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. இன்னொரு கணக்கும் உண்டு. 1942-ல் போருக்காக அமெரிக்காவில் வீட்டு வாஷிங் மெஷின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது, ஆகவே யாராவது அமெரிக்க மெஷின் ஒன்றைக் காட்டி 1943-ல் செய்தது, 1944-ல் செய்தது என்றால் உடனே சந்தேகப்பட வேண்டும். இந்த மெஷினின் தகடும் கையேடும் போருக்குப் பிந்தைய வருடங்களோடு ஒத்துப்போயின.

எனாமலைக் காந்தம் வைத்து ஒவ்வொரு சாணாகத் தடவினேன். எனாமலுக்குக் கீழே இரும்பு இருந்தால் காந்தம் இழுக்கும், துருப்பிடித்த ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் பிடி விட்டுவிடும். எங்கேயும் விடவில்லை. சில்லு போன இடங்களைப் பெயிண்டால் மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனாமல் என்பது சூளையில் உருக்கிய கண்ணாடி, அதன் மேல் பெயிண்ட் எப்போதும் பெயிண்டாகவே தெரியும், வாங்குகிறவர் எதை மறைக்கிறார்கள் என்று யோசிப்பார். ரப்பர் பாகங்கள் எல்லாம் கெட்டிப்பட்டிருந்தன. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்குகளின் பெரிய எமன் ரப்பர்தான். பெண்டிக்ஸ் கம்பெனியின் எக்கனோமேட் என்ற மெஷினில் வளையும் தொட்டியே சுருங்கி துணியைப் பிழியும், பிரமாதமான யோசனை, ஆனால் அந்தத் தொட்டி பொடிந்துவிட்டால் மெஷின் முடிந்தது. தோரில் அந்த அளவு ஆபத்து இல்லை, குழாய்களையும் சீல்களையும் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். மோட்டார் தண்டைக் கையால் சுற்றினேன், சிக்காமல் சுற்றியது.

மதிப்பு எப்படிப் போட்டேன்

விற்பனைக்கு என்று போட்டிருக்கும் விலைகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரே மெஷின் மூன்று வருடமாக ஒரே விலையில் விற்காமல் நிற்பதையும் பார்க்கலாம். ஏலத்தில் விற்று முடிந்த விலை, சேகரிப்பாளர்களுக்குள் கை மாறிய விலை, இவைதான் சாட்சி. மேடாக்குக்கு அப்படி நிறையக் கிடைத்தது, அதனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். எண்ணாகச் சொல்லாமல் விகிதமாகச் சொல்கிறேன், அது எங்கேயும் பொருந்தும். எஞ்சின் இல்லாத, ஊசி ஓட்டை விழுந்த இந்த மேடாக்கை 1 என்று வையுங்கள். ஓட்டை இல்லாதிருந்தால் ஒன்றரை. அதன் எஞ்சினோடு இருந்திருந்தால் நான்கு.

மரத்தொட்டிக்கு ஒன்றரை போட்டேன், மோட்டாரைக் கழற்றித் தனியாகப் பையில் போட்டுக் கூடவே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த மோட்டாரும் அதன் கதைதான், தூக்கி எறியக்கூடாது. ஆனால் 1910 மின்சார மெஷின் என்று சொல்லி விற்றால் கொஞ்ச நாளில் வாங்கியவரே ஸ்க்ரூவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்.

தோருக்குத்தான் தூக்கம் போனது. விற்று முடிந்த சாட்சி கையளவு, அவற்றிலும் பாத்திரத் தொகுதியோடு விற்றதாக நம்பும்படி எதுவும் இல்லை. அபூர்வமான பொருளின் சங்கடம் இது, ஒப்பிட வேறு ஒன்று இல்லை. ஒரே எண்ணைச் சொல்வது நேர்மை ஆகாது என்று தோன்றியது. மூன்று எண் எழுதிக் கொடுத்தேன். அவசரமாக விற்றால் 3. சரியான ஆளுக்காகச் சில மாதம் காத்திருந்தால் 6 முதல் 8. இன்சூரன்ஸுக்கோ இரவல் காட்சிக்கோ எழுத வேண்டுமானால் 10, ஏனென்றால் தொலைந்தால் இதே மாதிரி இன்னொன்றைத் தேடிப் பிடிக்கும் செலவு அதில் சேர வேண்டும். தேவை எவ்வளவு என்பதும் சேர்ந்ததுதான் மதிப்பு. உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்து அதைக் கேட்க யாருமே இல்லாவிட்டால் அபூர்வம் வெறும் சொல். தோருக்குக் கேட்க ஆள் உண்டு, வாஷிங் மெஷின் சேகரிப்பவர்கள் மட்டுமல்ல, தோற்றுப்போன வீட்டுச் சாதனங்களைச் சேர்ப்பவர்களும், சமையலறை வரலாற்றை ஆராய்பவர்களும் இதைத் தேடுவார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற சிற்றூரில் ஒரு தனி மனிதர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வாஷிங் மெஷின்களைச் சேர்த்து அருங்காட்சியகமே வைத்தார், இதையெல்லாம் யார் தேடப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எடுத்துச் செல்லும் செலவை எல்லாவற்றிலும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இவை கனமான பொருட்கள், கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கும், படுக்க வைத்தால் ஒழுகி மோட்டாரை நனைக்கும். நிறுத்தி வைத்து, சுழலும் பாகத்தைக் கட்டி, தொட்டிகளைத் தனியாகச் சுற்றி அனுப்ப வேண்டும். மதிப்பு 1 உள்ள மெஷினைத் தூரத்துக்கு அனுப்பினால் கூலியே பாதியைத் தின்றுவிடும், அதனால் மேடாக்கைப் பக்கத்திலேயே விற்கச் சொன்னேன்.

பிறகு நடந்தது

வியாபாரி திரும்பி வந்தார். மரத்தொட்டியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை அக்கா அவரிடம் காட்டினார். அவர் முதலில் சொன்ன விலையைக் குறைத்தார், அது நியாயம்தான், கையால் ஆட்டும் மெஷின் என்ற பெயரிலேயே வாங்கிக்கொண்டார். வெள்ளைப் பெட்டி விற்பனைக்கு இல்லை என்றதும் ஒரு நிமிடம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு அது என்னவென்று முன்பே தெரிந்திருக்குமா என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

மேடாக்கை ஒரு இளைஞர் எடுத்தார், ஒரு 72 எஞ்சின் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, ரொம்ப நாளாக மெஷின் தேடுகிறேன் என்றார். பிறந்த ஜோடி அல்ல, சீரியல் நம்பர் ஒத்துப்போகாது என்று அவருக்கே தெரியும். நோட்டுப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தோரை அக்கா இன்னும் விற்கவில்லை. இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் 5 அளவுக்கு வந்தார், பாத்திரத் தொகுதியை மட்டும் தனியாகத் தருகிறீர்களா என்று இன்னொருவர் கேட்டார், முடியாது என்று சொல்லச் சொன்னேன். கொட்டகையிலிருந்து எடுத்து உலர்ந்த அறையில் மரப்பலகை மேல் நிறுத்தியிருக்கிறோம், மூடியை ஒரு விரல் திறந்து வைத்திருக்கிறோம், உள்ளே ஈரம் தங்காது. பாத்திரத் தொட்டியின் அடியில் செடி இருந்த காலத்து மண் கறை ஒரு வட்டமாக இன்னும் இருக்கிறது, எனாமலைக் கீறாமல் அதை எடுக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன், வினிகர் அமிலம் எனாமலின் பளபளப்பை மங்கவைக்கும் என்பதால் இப்போதைக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பஞ்சும்தான்.